போட்டோவைப் பார்த்து வரையலாமா?

(வண்ணாரப்பேட்டையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கு இரண்டு பகுதிகள். போட்டோவைப் பார்த்து நிலக்காட்சி வரைவது ஒன்று. வரைந்த ஓவியத்தைக் கம்ப்யூட்டரில் சீர்செய்து பிறர் கண்ணுக்குக் கொண்டுபோவது இன்னொன்று. இரண்டைப் பற்றியும் நம் பிள்ளைகள் கூச்சத்தோடுதான் கேட்கிறார்கள். "சார், போட்டோ பார்த்து வரைஞ்சா அது ஓவியமா?" என்று கேட்கிறார்கள். "போட்டோஷாப்ல கலர் சரி பண்ணினா அது ஏமாத்துறதா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள். இவற்றுக்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் கூச்சத்தை விடுங்கள். நம் ஊரின் கலை வரலாறே உங்கள் பக்கம் நிற்கிறது.

தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கில ஓவியர்கள் 1786 முதல் 1793 வரை இந்தியாவில் சுற்றினார்கள். சித்தப்பாவும் அண்ணன் மகனும். சென்னைக்கும் வந்தார்கள், ஜார்ஜ் கோட்டையை வரைந்தார்கள். அவர்கள் கையில் என்ன இருந்தது தெரியுமா? கேமரா அப்ஸ்க்யூரா என்ற கருவி. எதிரே உள்ள காட்சியை ஒரு லென்ஸ் வழியாக உள்ளே விழவைக்கும். அந்தப் பிம்பத்தின் மேல் கோடு இழுத்துக்கொள்ளலாம். போட்டோ என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே லென்ஸ் ஓவியருக்குக் கை கொடுத்திருக்கிறது. அப்படிப் பிறந்த 144 படங்கள் 1795 முதல் 1808 வரை லண்டனில் அச்சாகி வந்தன. இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய சென்னை எப்படி இருந்தது என்று கேட்டால் இன்றும் அவற்றைத்தான் எடுத்துப் பார்க்கிறோம்.

அடுத்து 1850க்கு வாருங்கள். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஓர் ஓவியப் பள்ளி தொடங்கினார். இன்று எழும்பூருக்கு அருகே நிற்கும் அரசு கவின் கலைக் கல்லூரி அந்தப் பள்ளியின் வாரிசு. புகைப்படக் கலை புதிதாகக் கரையேறிய காலம் அது. ஹண்டர் அதை ஓவியத்தின் எதிரி என்று வாசலில் நிறுத்திவைத்தாரா? இல்லை. தன் பள்ளிக்குள்ளேயே கொண்டுவந்தார். தூரிகையும் கேமராவும் ஒரே கூரையின் கீழ் இருந்த கல்லூரி நம் கல்லூரி. அதே பத்தாண்டில் ஃபீபிக் என்பவர் சென்னையைப் புகைப்படம் எடுத்து, அந்தப் படங்களின் மேல் கையால் வண்ணம் தீட்டினார். போட்டோவா ஓவியமா என்று பிரித்துச் சொல்லவே முடியாத படங்கள் அவை.

இனி நான் சொல்லப்போவதைத்தான் நீங்கள் மறக்கக் கூடாது. லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி 1850களின் பிற்பகுதியில் சென்னை அரசின் புகைப்படக்காரராக இருந்தார். மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை என்று மாட்டு வண்டியில் கருவிகளை ஏற்றிக்கொண்டு போய்ப் படம் எடுத்தார். மெழுகு பூசிய காகிதத்தில் நெகட்டிவ். அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீல நிறம் என்றால் அளவுக்கு மீறிய கூர்மை. பச்சை என்றால் மந்தம். அதனால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும், மரமெல்லாம் கறுத்துப்போகும். ட்ரைப் என்ன செய்தார்? தூரிகையை எடுத்தார். நெகட்டிவின் மேலேயே வண்ணம் பூசி மேகங்களை உண்டாக்கினார். இலைக் கொத்துகளுக்கு உருவம் கொடுத்தார்.

இன்று நாம் போட்டோஷாப்பில் செய்வதை அவர் தூரிகையால் செய்திருக்கிறார். அதுமட்டுமா? தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக 21 படங்கள் எடுத்து, ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்று உங்கள் செல்போனில் பனோரமா என்ற பெயரில் இருப்பதன் மூத்த அண்ணன் அது.

மேகம் சேர்த்தார், சரி. கல்வெட்டில் ஓர் எழுத்தையாவது சேர்த்தாரா? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வரும்.

வெள்ளைக்காரர் கதை போதும், நம்மவர்களிடம் வருவோம். சென்னையில் போட்டோ பார்த்து வரைந்தவர்களில் தலைசிறந்தவர்கள் யார்? நம் சினிமா பேனர் ஓவியர்கள்! ஒரு சின்ன ஸ்டில் கைக்கு வரும். அதன் மேல் கட்டம் போடுவார்கள். அதே எண்ணிக்கையில் பெரிய துணியில் கட்டம் போடுவார்கள். ஒவ்வொரு கட்டமாகக் கரியில் கோடு இழுத்து, உள்ளங்கை அளவு முகத்தை வீட்டு உயரத்துக்கு வளர்த்துவிடுவார்கள். ஸ்டில்லோ கறுப்பு வெள்ளை. பேனரில் பார்த்தால் கன்னத்தில் ரோஸ், கழுத்து நிழலில் நீலம், தாடையோரம் பச்சை. அந்த நிறமெல்லாம் எங்கிருந்து வந்தன? போட்டோவிலிருந்து வரவில்லை. மவுண்ட் ரோட்டில் பஸ்ஸில் போகிறவன் ஒரு நொடியில் பார்த்து முகத்தை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்று தெரிந்த ஓவியனின் அறிவிலிருந்து வந்தன. 2000க்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலையே துடைத்துப்போட்டது. அவர்கள் சொல்லிக்கொடுத்த பாடத்தை நாம் தொலைத்துவிடக் கூடாது.

அந்தப் பாடம் என்ன? போட்டோ ஒரு சாட்சி. தீர்ப்பு சொல்ல வேண்டியவர் ஓவியர். சாட்சியைக் கேளுங்கள், குறுக்கு விசாரணை செய்யுங்கள். ஆனால் தீர்ப்பு எழுதும் நாற்காலியைச் சாட்சிக்குக் கொடுத்துவிடாதீர்கள்!

சாட்சியை ஏன் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும்? ராயபுரம் ரயில் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். 1856 ஜூலை முதல் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்ட இடம். நம் வீட்டு வாசலில் நிற்கும் வரலாறு. அதன் முகப்புத் தூண்களைச் செல்போனில் எடுத்துப் பாருங்கள். முழுக் கட்டடமும் வரவேண்டும் என்று போனை மேலே சாய்த்தால் தூண்கள் ஒன்றையொன்று பார்த்துச் சாயும். உண்மையில் சாய்ந்திருக்கின்றனவா? இல்லை. செல்போனின் சாதாரண லென்ஸ் அகலக் கோணம் உடையது. பக்கத்தில் இருப்பதை ஊதிக் காட்டும், தூரத்தில் இருப்பதைச் சுருக்கிவிடும். அதை அப்படியே வரைந்தால், பார்க்கிறவர் கண்ணுக்கு ஏதோ உறுத்தும், என்னவென்று அவருக்கே சொல்லத் தெரியாது.

என்ன செய்யலாம்? பின்னால் நகர்ந்து நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். போனை நேராகப் பிடியுங்கள். இந்த இரண்டைச் செய்தாலே பாதிக் கோளாறு போய்விடும்.

அடுத்து வெளிச்சம். காசிமேட்டில் காலை வேளையில் விசைப்படகுகளின் நிழல் தண்ணீரில் விழுவதைப் பாருங்கள். நம் கண் வானத்தைப் பார்க்கும்போது பாவையைச் சுருக்கிக்கொள்கிறது, நிழலைப் பார்க்கும்போது விரித்துக்கொள்கிறது. அதனால் இரண்டும் நமக்குத் தெளிவாகத் தெரிகின்றன. கேமராவுக்கு அந்த வசதி குறைவு. வானத்துக்கு அளவு வைத்தால் படகின் அடிவயிறு கறுத்துப்போகும். படகுக்கு அளவு வைத்தால் வானம் வெளுத்துப்போகும். நிழல் என்பது கறுப்பா? இல்லவே இல்லை! திறந்த வெளியில் விழும் நிழலுக்குள் வானத்தின் நீலம் இறங்கியிருக்கும், பக்கத்துப் படகின் சிவப்பு தெறித்திருக்கும். போட்டோவை மட்டும் நம்பி வரைகிறவர் அந்த இடத்தில் கறுப்பைக் கரைத்துப் பூசிவிடுகிறார். படம் அங்கே செத்துப்போகிறது.

இன்னொன்றும் உண்டு. இன்றைய செல்போன் நீங்கள் பார்த்ததை அப்படியே எடுத்துத் தருவதில்லை. பல பிரேம்களை ஒன்றாகக் கலக்கிறது. வானத்தை நீலமாக்குகிறது, புல்லைப் பச்சையாக்குகிறது, இரவைப் பகலாக்குகிறது. நீங்கள் எடிட்டிங் தொடங்குவதற்கு முன்பே போன் ஒருமுறை எடிட்டிங் செய்து முடித்துவிடுகிறது. யாரோ எங்கோ உட்கார்ந்து "வானம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்" என்று எழுதிவைத்த கணக்கு அது. வடசென்னை வானத்தின் நிறத்தை அந்தக் கணக்கு அறியுமா? மணலி பக்கம் மாலையில் புகை படர்ந்த வானம் எப்படிப் பழுப்பேறிச் சிவக்கும் என்று அதற்குத் தெரியுமா? உங்களுக்குத் தெரியும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. போட்டோ எடுப்பதற்கு முன் பத்து நிமிடம் அந்த இடத்தில் உட்காருங்கள். பென்சிலால் சின்னதாக ஒரு ஸ்கெட்ச் போடுங்கள். ஓரத்தில் குறிப்பு எழுதுங்கள்: நிழல் என்ன நிறம், காற்று எந்தப் பக்கம், எது முதலில் கண்ணை இழுத்தது. அதற்குப் பிறகு போட்டோ எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் போட்டோவிலிருந்து அளவையும் நுணுக்கத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். நிறத்தைக் குறிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சண்டை போட்டால் குறிப்பின் பக்கம் நில்லுங்கள்.

ஆனந்த விகடனில் கோயில் கோயிலாக வரைந்த சில்பி அவர்களை நினைத்துப் பாருங்கள். அந்தந்தக் கோயிலுக்கே போய், சிற்பத்தின் முன் உட்கார்ந்து வரைந்தவர். அதனால்தான் அந்தக் கோடுகளில் கல்லின் கனம் இருக்கிறது. எல்லோருக்கும் அந்த வாய்ப்பு இருக்கிறதா? இல்லை. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவில் வரைகிற தம்பிக்கு, நடுத்தெருவில் பலகை வைத்து உட்கார வீட்டில் அனுமதி கிடைக்காத தங்கைக்கு, போட்டோ பெரிய துணை. இல்லாமல் போன இடத்தை வரைய வேண்டுமானால் பழைய படத்தைத் தவிர வேறு வழியே இல்லை. இந்த வண்ணாரப்பேட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் துணிகளை வெளுத்து வெட்டவெளியில் காயப்போட்டிருந்தார்கள். அந்த வெளியெல்லாம் இன்று எங்கே? மெட்ரோ வருவதற்கு முன் நம் சாலைகள் இருந்த கோலம் எங்கே? யாராவது வரைந்தோ எடுத்தோ வைத்த படத்தில்தான்.

நண்பர்களே, இப்போது பேச்சின் நெஞ்சுப் பகுதிக்கு வருகிறேன். எதைச் சேர்க்கலாம், எதை நீக்கலாம்?

நிலக்காட்சி என்றவுடன் நம் பிள்ளைகள் எதை வரைகிறார்கள்? மலை, அருவி, தென்னை, குடிசை, சூரியன். எண்ணூரில் பிறந்த பிள்ளை இமயமலையை வரைகிறது! ஏன்? நம் இடம் படத்துக்கு ஆகாது என்று யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அதனால் எண்ணூர்க் கழிமுகத்தைப் போட்டோ எடுக்கிறவர்கூட முதல் வேலையாக என்ன செய்கிறார்? புகைபோக்கியை அழிக்கிறார். மின்கம்பியை அழிக்கிறார். ஒரே தட்டலில் அழிக்கச் செல்போனே வழி வைத்திருக்கிறது. மிச்சம் என்ன? தண்ணீர், படகு, வானம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எண்ணூரா?

கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் இடம் அது. அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்த ஆறு. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, நம் மக்கள் கரையில் நின்று வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் புகுந்தபோது, கூழைக்கடாக்களின் இறகு கறுத்தது, மீனவர் வலை கறுத்தது. இவ்வளவும் நடந்த இடத்தை வரையும்போது புகைபோக்கியை அழித்துவிட்டால், நடந்ததற்குச் சாட்சியே இல்லாமல் போய்விடாதா?

இன்னொரு உதாரணம். சென்னையின் அழகான நிலக்காட்சி எது என்று கேட்டால் எல்லோரும் மெரினா என்பார்கள். அந்த அகன்ற மணற்பரப்பு எப்படி வந்தது? நம் கடலில் மணல் ஆண்டு முழுவதும் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870களின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் எழத் தொடங்கின. வந்த மணல் தெற்கே தங்கியது, மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. ராயபுரமும் காசிமேடும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. அலையைத் தடுக்கக் கருங்கல்லைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அங்கே மணல், இங்கே பாறாங்கல். இரண்டையும் உண்டாக்கியது ஒரே சுவர்! இதைத் தெரிந்துகொண்டு நம் கரையின் கருங்கற்களை வரைந்து பாருங்கள். படத்துக்கு இடைஞ்சல் என்று நேற்றுவரை நினைத்த கல்தான் படத்தின் கருப்பொருள் என்று உங்கள் கைக்கே புரிந்துவிடும்.

இதைக் கேமராவால் செய்துகாட்டியவர் ஒருவர் உண்டு. மதுரைக்காரரான புகைப்படக் கலைஞர் பழனி குமார். துப்புரவுத் தொழிலாளர்களையும் மீனவப் பெண்களையும் எண்ணூரையும் பல ஆண்டுகளாகப் படமெடுப்பவர். தயாநிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருது 2022இல் முதன்முதலாக அவருக்குத்தான் கிடைத்தது. அவர் தானே எடுத்ததோடு நிற்கவில்லை. உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுத்து, உன் வீட்டை நீயே எடு, உன் தெருவை நீயே எடு என்று கற்றுக்கொடுத்து வருகிறார். கேமராவுக்கு அவர் செய்ததைத் தூரிகைக்கு நாம் செய்ய வேண்டாமா?

அப்படியென்றால் எதையுமே நீக்கக் கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். நீக்காமல் ஓவியமே இல்லை. குறுக்கே வந்து நின்ற ஆட்டோவை எடுத்துவிடுங்கள். படகை நாலு அடி தள்ளி வையுங்கள். ட்ரைப்பைப் போல மேகம் சேருங்கள். ஆனால் அந்த இடத்துக்கு அந்த முகத்தைக் கொடுத்தது எதுவோ, அதில் கை வைக்காதீர்கள். அழகுக்காக மாற்றினால் மாற்றுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். நம் ஊரைப் பார்த்து நாமே வெட்கப்பட்டால் வேறு யார் அதை நேராகப் பார்ப்பார்கள்?

இனி இரண்டாம் பகுதி. படம் முடிந்துவிட்டது. அதை நாலு பேருக்குக் காட்ட வேண்டும். நேரில் பார்க்கிறவர் பத்துப் பேர், திரையில் பார்க்கிறவர் ஆயிரம் பேர் என்ற காலம் இது. ரவி வர்மா 1894இல் அச்சகம் தொடங்கியதை எண்ணிப் பாருங்கள். அவருடைய அசல் ஓவியத்தைப் பார்த்தவர் கொஞ்சம். அச்சுப்படத்தைப் பூஜை அறையில் மாட்டியவர்கள் ஊரெல்லாம். ஆகவே பிரதி எடுப்பதை ஏனோதானோ என்று செய்யாதீர்கள். ஓவியத்தைப் போலவே அதையும் மதித்துச் செய்யுங்கள்.

எப்படிச் செய்வது? டியூப் லைட்டுக்குக் கீழே எடுக்காதீர்கள். நேர் வெயிலிலும் எடுக்காதீர்கள். மொட்டை மாடியில் பகல் வெளிச்சம் நன்றாக இருக்கும் நேரத்தில், சுவர் நிழலில் படத்தைச் செங்குத்தாக நிறுத்துங்கள். கேமராவின் முகமும் படத்தின் முகமும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கட்டும். எடுத்த படத்தின் நாலு ஓரமும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் வண்ணம் பளபளத்தால் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வருமாறு திருப்பி வையுங்கள். படத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையும் ஒரு சாம்பல் அட்டையும் வைத்து ஒரு படம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கம்ப்யூட்டர். முதலில் ஓரத்தை வெட்டி நேராக்குங்கள். இரண்டாவது, அந்தச் சாம்பல் அட்டையை வைத்து நிறச் சமநிலையைச் சரிசெய்யுங்கள். மூன்றாவது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறையுங்கள். நான்காவதுதான் முக்கியம்: அசல் ஓவியத்தைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். திரை ஓவியத்தைப் போல ஆனதும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் ஓர் இழுப்பு இழுத்தால் நிறம் பொங்கும், லைக் கூடும். அதை நம்பி வாங்க வருகிறவர் அசலைப் பார்த்ததும் அவர் முகம் வாடும். எடிட்டிங்கின் வேலை திரையை ஓவியத்துக்கு அருகே கொண்டுவருவது. உங்கள் கை போடாத நிறத்தை உங்கள் கை போட்டதாகக் காட்டினால் யாருக்கு நஷ்டம்? அடுத்த படத்தில் அந்த நிறத்தைக் கலக்கக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பை இழக்கிறீர்களே, அந்த நஷ்டம் உங்களுக்குத்தான்.

அச்சுக்குக் கொடுப்பதாக இருந்தால் அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கு. ஏ4 அளவுக்கு 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. திரையில் ஜொலிக்கும் நீலமும் பச்சையும் காகிதத்தில் மங்கும். அச்சகத்தில் சின்னதாக ஒரு மாதிரி போட்டுப் பார்த்துவிட்டு மொத்தமாகப் போடச் சொல்லுங்கள்.

ஓவியத்தைப் பெரிய பங்களாவின் சோபாவுக்கு மேலே மாட்டியதுபோல் கம்ப்யூட்டரில் செய்துகாட்டுகிறார்கள். செய்யலாம், தவறில்லை. ஆனால் ஒரு முழ அகலப் படத்தை ஆளுயரத்துக்கு ஊதிக் காட்டாதீர்கள். உண்மை அளவில் வையுங்கள், அளவைக் கீழே எழுதுங்கள். பங்களாச் சுவர்தான் வேண்டும் என்றும் இல்லை. நம் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில், ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டியும் காட்டுங்கள். இந்த ஊர் ஓவியம் இந்த ஊர்ச் சுவருக்கும் பொருந்தும் என்று நாலு பேர் பார்க்கட்டும்.

முடிக்கும் முன் ஒரு வேலையை உங்கள் கையில் கொடுக்கிறேன். இனி வரையும் ஒவ்வொரு படத்தின் பின்புறமும் நாலு வரி எழுதுங்கள். எந்த இடம் என்பது ஒரு வரி. எந்தத் தேதி, எந்த நேரம் என்பது ஒரு வரி. அங்கேயே உட்கார்ந்து வரைந்ததா, போட்டோ பார்த்து வரைந்ததா என்பது ஒரு வரி. எதைச் சேர்த்தேன், எதை நீக்கினேன் என்பது ஒரு வரி. திரையில் போடும்போதும் அந்த நாலு வரியைக் கீழே போடுங்கள். இதை எழுதுகிறவருக்குக் கூச்சம் வராது, பொய் சொல்லும் அவசியமும் வராது. நாளைக்கு இந்தக் கரை இன்னும் மாறும், இந்தப் புகைபோக்கிகள் போகும், வேறு ஏதோ எழும். அன்று நம் பேரப்பிள்ளைகள் உங்கள் படத்தைத் திருப்பிப் பார்த்து, "இதை நம்பலாம்" என்று சொல்ல வேண்டும்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரை வரைய லண்டனிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது. இன்று கேமரா உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. வண்ணப் பெட்டி பக்கத்துக் கடையில் கிடைக்கிறது. இந்த ஊரின் வெயிலும் புழுதியும் உப்புக்காற்றும் உங்கள் உடம்பில் இருக்கின்றன. இதைவிட வேறு தகுதி என்ன வேண்டும்? போட்டோவைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஊரை நேராகப் பாருங்கள், வெட்கப்படாமல் வரையுங்கள், பெயர் போட்டு வெளியே கொண்டுவாருங்கள்! வடசென்னையை வடசென்னைக்காரர்கள் வரைந்த படங்களால் இதே அரங்கத்தின் சுவர்களை நிரப்ப வேண்டும். அந்தக் கண்காட்சிக்கு முதல் ஆளாக வந்து நிற்பேன் என்று சொல்லி விடைபெறுகிறேன்.